என் கடையில் அந்தப் பரிகார விளக்கு கிடையாது

2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை, தேய்பிறை அஷ்டமி. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு முன்னால் பூசணி விளக்குக் கடை போட்டிருக்கும் எனக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் பெரிய வியாபாரம். முந்தின இரவே சாம்பல் பூசணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பாதியாக வெட்டி, உள்ளே வழித்து, மஞ்சள் குங்குமம் தடவி, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுக் கொடுக்க வேண்டும். அன்று பகல் பதினொரு மணி இருக்கும். ஓசூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அக்கா, 2032ல பெரிய கல்லு ஒண்ணு வானத்துல இருந்து விழுதாம். நம்ம நாடும் அந்த வழியில இருக்காம். அதுக்கு எத்தன விளக்கு ஏத்தணும்?"

"அதுக்கு விளக்கு வேண்டாம்மா. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஏத்துங்க, ரெண்டு போதும்" என்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் முந்திக்கொண்டு, "எட்டு ஏத்துங்க, எட்டு அஷ்டமிக்கு ஏத்துங்க" என்றார். என்னிடம் இரண்டு வாங்கினார்கள். மிச்சம் ஆறை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா கூட வந்த பிள்ளைக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவன் பூசணியைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இப்போதே விழுந்துவிடும் என்பதுபோல. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இதை எழுதுவதற்கு அவன்தான் காரணம்.

நான் தர்மபுரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். படிப்பு வேலைக்கு ஆகவில்லை, கடை வீட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் படித்தது மறக்கவில்லை. அந்த அம்மா காட்டிய செய்தி பொய்யில்லை. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளை 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலிருக்கும் அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது. சுமார் அறுபது மீட்டர் அகலமுள்ள பாறை. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று கணக்கு சொன்னது. மோதினால் எங்கே விழலாம் என்று போட்ட கோடு பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் தாண்டி இந்தியா வரை வந்தது. பிப்ரவரி 18 அன்று அந்த வாய்ப்பு 3.1 சதவீதம் ஆனது. இந்த அளவுப் பாறை எதற்கும் அவ்வளவு உயர்ந்த எண்ணை அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த அம்மா வந்து நின்ற வியாழக்கிழமைக்குள்ளாகவே எண் சரியத் தொடங்கிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை 2032இல் அது பூமியில் மோதாது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. ஏறிய செய்தி செல்போனில் வந்தது, இறங்கிய செய்தி வரவில்லை.

எண் ஏன் முதலில் ஏறி, பிறகு விழுந்தது? பலர் இதைப் பார்த்து, விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள் என்று கோபப்பட்டார்கள். எங்கள் கோயில் கூட்டத்தை வைத்தே சொல்கிறேன். வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள், ஒரு பெண்ணின் கொலுசு காணாமல் போகிறது. போலீஸ் ஒவ்வொருவராகப் பையைப் பார்த்து அனுப்புகிறது. நான் வரிசையின் கடைசியில். தொடக்கத்தில் நூறு பேரில் ஒருத்தி. எழுபது பேர் போன பிறகு முப்பது பேரில் ஒருத்தி. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் என்மேல் சந்தேகம் ஏறிக்கொண்டே போகிறது. என் பையைத் திறந்து பார்த்த நிமிடம் அது பூஜ்யம். சிறுகோள் கணக்கும் அப்படித்தான். அது போகக்கூடிய பாதைகள் முதலில் பரந்து கிடக்கும். அளக்க அளக்க அந்தப் பரப்பு சுருங்கும். சுருங்கிய பரப்புக்குள் பூமி இருக்கும் வரை எண் ஏறும். பூமி வெளியே விழுந்ததும் எண் ஒரேயடியாக விழும். இதைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எந்த டி.வி.யும் செலவழிக்கவில்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2029இல் இதைவிடப் பெரிய பீதி அலை வரப்போகிறது. அபோபிஸ் என்ற சிறுகோள் அந்த ஆண்டு பூமிக்கு மிக அருகில் கடக்கிறது. நம் ஊர் நேரப்படி ஏப்ரல் 14, சனிக்கிழமை, விடியற்காலை சுமார் 3.16 மணி. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர். டி.வி. ஒளிபரப்பு செயற்கைக்கோள்கள் நிற்கும் உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர் என்றால், அதற்கும் உள்ளே புகுந்து வெளியே போகிறது. அளவு சுமார் 340 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கிய உயரம். வெறும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு போகும்.

அந்த நாள் எப்படி அமைந்திருக்கிறது என்றும் பாருங்கள். முந்தின இரவு வெள்ளிக்கிழமை, தேதி 13, பங்குனி அமாவாசை. விடிந்தால் சித்திரை முதல் நாள், வருஷப் பிறப்பு. கல்லின் பெயரோ எகிப்தியப் புராணத்தில் சூரியனை விழுங்க வரும் பாம்பின் பெயர். ராகு என்று மொழிபெயர்க்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எங்கள் வீதியில் இருப்பவளுக்குத் தெரியும். எந்த ராசிக்கு ஆபத்து, எத்தனை விளக்கு, எத்தனை பூசணி என்று பட்டியல் வரும். அந்த அமாவாசைக்குப் பூசணி விலை இரண்டு மடங்கு ஏறினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதனால் இன்றே சொல்லிவிடுகிறேன். 2029இல் என் கடையில் அபோபிஸ் பரிகார விளக்கு கிடையாது. அதைக் கேட்டு வருபவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒரு பூசணிகூட விற்கமாட்டேன். இது சாமிக்கு எதிரான பேச்சில்லை. எங்கள் பைரவர் காலத்துக்கு அதிபதி. இருபத்தேழு நட்சத்திரமும் பன்னிரண்டு ராசியும் அவர் உடம்பில் அடக்கம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மண்டபத்தின் மேற்கூரையில் நவகிரகச் சக்கரம் உண்டு. அதன் கீழே நின்று அண்ணாந்து கும்பிடாத பக்தர் இல்லை. பிள்ளை பிறக்கவேண்டும், கடன் தீரவேண்டும், கேஸ் முடியவேண்டும் என்று மனம் உருகி ஏற்றும் விளக்கை நான் மதிக்கிறேன். அந்த விளக்கில்தான் என் வீட்டு அடுப்பும் எரிகிறது. ஆனால் வராத ஆபத்தை வரும் என்று சொல்லி விற்பது வேறு. பயத்தில் நீளும் கையில் பணம் வாங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

வராது என்று எப்படி அடித்துச் சொல்கிறேன்? நான் சொல்லவில்லை, அளந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த அளவு எப்படி வந்தது என்ற கதை நமக்கு இன்னும் நெருக்கமானது.

அபோபிஸை 2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவில் அரிசோனாவின் கிட் பீக் மலையில் கண்டுபிடித்தார்கள். அந்த டிசம்பரில் மறுபடி பார்த்தபோது 2029இல் மோதலாம் என்று எண் ஏற ஆரம்பித்தது. டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதம், அதாவது முப்பத்தேழில் ஒன்று. ஆபத்தை அளக்கும் டொரினோ அளவுகோலில் நான்கு. இன்றுவரை வேறு எந்தச் சிறுகோளும் அந்தப் படியை எட்டவில்லை. உலகமே பேசியிருக்க வேண்டிய செய்தி. ஆனால் அந்தத் தேதியை இன்னொரு முறை படியுங்கள். அதற்கு முந்தின நாள் சுனாமி. நாங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து நாகப்பட்டினத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தோம். வானத்தில் என்ன வருகிறது என்று கேட்க யாருக்கும் மனமில்லை. அந்த 27ஆம் தேதியே, அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அபோபிஸ் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழைய புள்ளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029 மோதல் இல்லை என்று ஆனது. பிறகு 2021 மார்ச்சில் ராடார் கொண்டு அளந்து, அடுத்த நூறு ஆண்டுக்கும் மோதல் இல்லை என்று நாசா அறிவித்தது.

சுனாமியும் அபோபிஸ் எச்சரிக்கையும் ஒரே வாரத்தில் நடந்ததை நான் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது நெஞ்சு அடைத்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது. சுமத்ராவில் பூமி அதிர்ந்து, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு குரல் வந்திருந்தால் எத்தனையோ பேர் மேட்டுக்கு ஓடியிருப்பார்கள். ஹைதராபாத்தில் நமக்கென்று எச்சரிக்கை மையம் வந்தது 2007இல், அத்தனை பேரைப் புதைத்த பிறகு. கடலைக் காவல் காக்க நமக்கு அவ்வளவு விலை ஆனது. வானத்துக்கும் அப்படி ஒரு விலை கொடுத்துவிட்டுத்தான் விழிக்கவேண்டுமா?

ஆபத்து விளைவிக்கக்கூடிய சிறுகோள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதுமே மனம் பதறும். ஆனால் அது தீர்ப்பில்லை, ஒரு வகைப்பாடு. ஒரு சிறுகோளின் பாதை பூமியின் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வரவேண்டும். அதன் அளவு சுமார் 140 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். இரண்டும் பொருந்தினால் பட்டியலில் பெயர் சேரும், கண்காணிப்பு தொடரும். என் பயம் பட்டியலில் இருப்பவை பற்றியதில்லை, இன்னும் சேராதவை பற்றியது. 140 மீட்டரைத் தாண்டியவற்றில் பாதிக்கு மேல் இன்னும் கண்ணில் படவில்லை என்பது கணிப்பு. சின்னவை அதைவிட மோசம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த பாறை வெறும் இருபது மீட்டர்தான். சூரியன் பக்கமிருந்து வந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். 2020 ஆகஸ்ட் 16 அன்று கார் அளவுப் பாறை ஒன்று தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சுமார் 2,950 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தது. கடந்துபோய் ஆறு மணி நேரம் கழித்துத்தான் கலிஃபோர்னியாவிலிருக்கும் ஒரு தொலைநோக்கியின் படத்தில் பதிவானது. அந்தப் படத்தில் அதை முதலில் அடையாளம் கண்டவர்கள் ஐஐடி மும்பை மாணவர்கள் இருவர். நம் பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது, பார்க்கும் இடம்தான் வேண்டும்.

அந்த இடமும் நம்மிடம் இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். 1885 வரை அங்கிருந்து இன்னும் சிலவற்றைக் கண்டார். அதோடு நூறு ஆண்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒன்றுமில்லை. பிறகு, எங்களுக்குப் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில், 48 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியை வைத்து ஆர். ராஜமோகன் தேடலைத் தொடங்கினார். அதற்குக் கல்கித் திட்டம் என்று பெயர். 1988 பிப்ரவரி 17 அன்று முதல் சிறுகோள் சிக்கியது. இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன், நம் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன்தான். அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறது, பூமிக்கு வராது. ஆனால் ஜவ்வாது மலையில் கண் விழித்து உட்கார்ந்தால் சிறுகோள் பிடிக்கலாம் என்று காட்டிவிட்டது.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்களைக் காவலூருக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆலங்காயம் தாண்டி பஸ் மலை ஏறியது. சின்னத் தொலைநோக்கி ஒன்றில் சனிக் கோளின் வளையத்தைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் சனி என்றால் ஏழரை. எள் விளக்கும் காக்கைக்குச் சோறும்தான் நான் அதுவரை அறிந்த சனி. குழலில் கண்ணை வைத்ததும் நகத்தளவு பொன் வளையத்தோடு, அசையாமல், சுத்தமாக நின்றது. கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு முதல் சனிப்பெயர்ச்சிக்கு யாராவது என்னைப் பயமுறுத்தினால் எனக்குப் பயமே வருவதில்லை. சாமி கும்பிடுவதை விடவில்லை, பயப்படுவதை விட்டேன். ஒரு தடவை கண்ணால் பார்த்ததற்கு அவ்வளவு பலம்.

வானத்துக் கல் எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 2008 செப்டம்பர் 12 காலை எட்டரை மணிக்குச் சூளகிரியில் விழுந்தது. 2004 வரை சூளகிரியும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். என் தங்கையை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பெரிய சத்தம் கேட்டது, கல் குவாரியில் வெடி வைத்தார்கள் என்று நினைத்து அடுப்பு வேலையைப் பார்த்தேன் என்றாள். துண்டுகளை எல்லாம் சேர்த்தால் சுமார் 110 கிலோ. ஆராய்ந்தவர்கள் அதை எல்எல்6 என்ற வகையில் சேர்த்தார்கள். அபோபிஸ் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை 2009இல் அலசிய விஞ்ஞானிகள், அதுவும் எல்எல் வகைக் கல்லோடுதான் பொருந்துகிறது என்று எழுதியிருக்கிறார்கள். 2029இல் தலைக்கு மேலே போகப்போகும் பாறை எந்த இனமோ, அந்த இனத்துக் கல் எங்கள் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும், வலிக்கும் கதை. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் என்று ஊரே சொன்னது. அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும் அப்படியே அறிவித்து, ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கிறது, விண்கல் மாதிரி இல்லை என்றார்கள். இறந்தவர் ஒரு வீட்டின் சோறு. அவர் எதனால் செத்தார் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியவேண்டாமா? வானத்தைக் கைகாட்டியதும் கீழே கேட்கவேண்டிய கேள்விகள் ஓய்ந்துவிடுகின்றன. பயத்தை விற்பவர்களிடம் எனக்குப் பெரிய கோபமே இதுதான்.

விண்வீழ்கொள்ளி ராஜாவுக்கு ஆகாது என்பது நம்மிடம் இரண்டாயிரம் வருஷத்து நம்பிக்கை. புறநானூற்றில் கூடலூர் கிழார், மீன் விழுந்ததைக் கண்டு அஞ்சி, ஏழாம் நாள் சேரமன்னன் இறந்ததைப் பாடியிருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டைப் படித்தால் தெரியும், எந்த மீன் எந்தத் திசையில் இருந்தது, எந்த மாதம், இரவில் எந்த நேரம் என்று அந்தப் புலவர் துல்லியமாகக் குறித்திருக்கிறார். அச்சம் இருந்தது, கூடவே வானத்தை விடாமல் பார்க்கும் பழக்கமும் இருந்தது. நமக்கு அச்சம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

உலகம் சும்மா இல்லை. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபாஸ் என்ற குட்டிச் சிறுகோளின் மீது போய் மோதி, அது தன் பெரிய துணையைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்துவிட்டது. தள்ளிவிட முடியும் என்று தெரிந்துவிட்டது, முன்கூட்டியே தெரிந்தால் போதும். அபோபிஸை அருகில் போய்ப் பார்க்க ஐரோப்பா 2028இல் ரேம்சிஸ் கலத்தை அனுப்பத் தயாராகிறது. பென்னு சிறுகோளின் மண்ணைக் கொண்டுவந்த நாசா கலமும் புதுப் பெயரோடு அங்கே போய்க்கொண்டிருக்கிறது. 2029ஐச் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. இஸ்ரோ 2024 ஜூலையில் பெங்களூரில் இதற்கென்று ஒரு பயிலரங்கு நடத்தியது. நல்லது, ஆனால் போதாது. சிறுகோள் தேடலில் முன்னால் நிற்பவை இன்று அரிசோனா, ஹவாய், சிலி, தென்னாப்பிரிக்கா. சென்னையும் காவலூரும் ஒரு காலத்தில் இருந்த வரிசை அது. கல்கித் திட்டத்தைப் போல ஒரு தேடலை, இன்றைய கேமராவோடும் கம்ப்யூட்டரோடும், அதே ஜவ்வாது மலையிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். இரவு முழுக்கக் கண் விழிக்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு நாம் என்ன பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அபோபிஸ் ஆஸ்திரேலியாவுக்கு மேலே வந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்கா தாண்டி, மிக நெருங்கும் நேரத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும். பளிச்சென்ற காட்சி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும்தான். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் நேரமே நம்முடைய வேளை. அமாவாசை என்பதால் நிலா வெளிச்சம் கிடையாது. நல்ல இருட்டும், கையில் ஒரு பைனாகுலரும், எங்கே பார்ப்பது என்று சொல்லித்தர ஓர் ஆசிரியரும் இருந்தால் பிள்ளைகள் அதைப் பிடித்துவிடுவார்கள். இவ்வளவு பெரிய பாறை இவ்வளவு அருகில் வருவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறார்கள்.

தர்மபுரி மாவட்டக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுங்கள், ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரைக் காவலூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுங்கள். எங்கள் ஊராட்சிக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் இன்னொன்று: 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை கோயில் வீதி விளக்குகளை அணைத்துவையுங்கள். என் கடை பல்பை நான் ஒன்பதரைக்கே அணைத்துவிடுகிறேன்.